கார் கடன்: யாரிடம் வாங்குவது என்பதை எப்படித் தீர்மானிப்பது?

எந்தக் கார் வாங்கலாம் என்று மாதக்கணக்கில் விசாரிப்பவர்கள்கூட, அதற்கான கடனை யாரிடம் வாங்குவது என்பதை ஷோரூம் மேசையில் உட்கார்ந்தபடி அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். கார் பிடித்துப்போய், நிறமும் தேர்ந்தெடுத்தாகிவிட்ட அந்த நேரத்தில் யாருக்கும் நிதானமாகக் கணக்குப் பார்க்கத் தோன்றாது. ஆகவே, கடன் தருபவரை முடிவு செய்துவிட்டு, அவரிடமிருந்து எழுத்துமூலமான முன்ஒப்புதலைக் கையில் வைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போக வேண்டும் என்பதே நான் முதலில் வலியுறுத்த விரும்புவது. பிறகு டீலர் தன் பங்குக்கு ஒரு கடனை முன்வைத்தால், அதை ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் ஓர் அளவுகோல் இருக்கும்.

விண்ணப்பிக்கும் முன் உங்கள் கடன் மதிப்பெண் அறிக்கையை வாங்கிப் படித்துப் பாருங்கள். அடைத்து முடித்த பழைய கடன் இன்னும் நிலுவை என்று பதிவாகியிருந்தால், அதைத் திருத்திய பிறகு விண்ணப்பிப்பதே நல்லது; அந்த ஒரு பிழை உங்களுக்குச் சொல்லப்படும் வட்டியையே உயர்த்திவிடக்கூடும். பல இடங்களில் ஒரே நேரத்தில் முழு விண்ணப்பம் கொடுப்பதைவிட, உத்தேச வட்டி என்ன என்று முதலில் விசாரித்து, இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களிடம் மட்டும் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் வங்கி, கூட்டுறவுக் கடன் சங்கம், கார் நிறுவனத்தின் சொந்த நிதி நிறுவனம், தனியார் நிதி நிறுவனம் எனப் பல வகையினரிடமும் விசாரிப்பது நல்லது. டீலர் ஏற்பாடு செய்யும் கடனில், அதைத் தருபவர் டீலருக்குத் தரகு கொடுப்பதும், டீலர் வட்டியைச் சற்று ஏற்றிச் சொல்வதும் உண்டு என்பதால், முதலில் சொல்லப்படும் விகிதத்தை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

“மாதம் எவ்வளவு கட்டுவீர்கள்?” என்பதுதான் அந்த மேசையில் பெரும்பாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி. அதற்கு ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் பேச்சு முழுவதும் அந்தத் தொகையைச் சுற்றியே நடக்கும். வட்டி அதிகமானாலும், தவணைக் காலத்தை நீட்டி, நீங்கள் சொன்ன தொகைக்குள் அடக்கிக் காட்டிவிட முடியும். 1,00,000 கடனை ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 3 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 3,227, மொத்த வட்டி சுமார் 16,160. 5 ஆண்டுகள் என்றால் தவணை 2,125 ஆகக் குறைகிறது. வட்டியோ 27,480 ஆக உயர்கிறது. 7 ஆண்டுகளுக்கு நீட்டினால் தவணை 1,660, வட்டி 39,450. காலம் நீளும்போது இன்னொரு சிக்கலும் சேர்கிறது: காரின் மதிப்பு வேகமாகக் குறைய, கடன் மெதுவாகக் குறைவதால், இடையில் காரை விற்க நேர்ந்தால் விற்ற பணம் கடனை அடைக்கவே போதாமல் போகலாம். முன்பணம் கூடுதலாகப் போடுவதும், தவணைக் காலத்தைத் தாங்கக்கூடிய அளவுக்குச் சுருக்குவதுமே இதற்குத் தற்காப்பு.

வட்டி விகிதத்தைக் கேட்கும்போது, அது எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். பலர் ஏமாறும் இடம் இதுதான். நிலுவையில் உள்ள அசலுக்கு மட்டும் வட்டி போடுவது குறையும் நிலுவை முறை. முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவது ஃபிளாட் வட்டி. ஃபிளாட் முறையில் 7 சதவீதம் என்றால், 1,00,000 கடனுக்கு 5 ஆண்டுகளில் 35,000 வட்டியாகி, மாதத் தவணை 2,250 வரும். இதையே குறையும் நிலுவை முறைக்கு மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ 12.5 சதவீதம்! மேலே சொன்ன 10 சதவீதக் கடனின் தவணை 2,125தான் என்பதை நினைவில் கொண்டால், காதுக்கு மலிவாகக் கேட்கும் 7 எவ்வளவு விலை கூடியது என்பது விளங்கும்.

கட்டணங்களும் அப்படித்தான். அதே 10 சதவீதக் கடனில், பரிசீலனைக் கட்டணம் என்று 2 சதவீதத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டால், உங்கள் கைக்கு வருவது 98,000. கட்டுவதோ 1,00,000க்கான தவணை. அதனால் உண்மையான வட்டி சுமார் 10.9 சதவீதம் ஆகிவிடுகிறது. ஆகவே ஒவ்வொருவரிடமும், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தையும், கடைசித் தவணை வரை கட்ட வேண்டிய மொத்தத் தொகையையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். கடனோடு சேர்த்துத் தலையில் கட்டப்படும் காப்பீடு, கூடுதல் உத்தரவாதம் போன்றவை கட்டாயமா, விருப்பமா என்று கேட்டுவிடுங்கள். விருப்பம்தான் என்றால், அவற்றை நீக்கிய தவணைத் தொகையைக் கேளுங்கள்.

வட்டியே இல்லை என்ற அறிவிப்பைக் கண்டால், மொத்தமாகப் பணம் கொடுப்பவருக்கு என்ன தள்ளுபடி என்று விசாரிக்க வேண்டும். 1,00,000 விலையுள்ள ஒன்றை ரொக்கத்துக்கு 94,000க்குக் கொடுக்கிறார்கள், வட்டியில்லாக் கடனில் முழு விலையையும் 36 தவணைகளில் வாங்கிக்கொள்கிறார்கள் என்றால், அதில் ஆண்டுக்குச் சுமார் 4 சதவீத வட்டி ஒளிந்திருக்கிறது. அதுவும் நல்ல விகிதமாகவே இருக்கலாம். ஆனால் தெரிந்தே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் ஏறத்தாழ ஒரே வட்டியைச் சொன்னால், முன்கூட்டியே அடைப்பதற்கான நிபந்தனை யாரிடம் நன்றாக இருக்கிறது என்று பார்ப்பேன். நமது 10 சதவீத, 5 ஆண்டுக் கடனில் 24 தவணைகள் கட்டிய பிறகு நிலுவை அசல் சுமார் 65,850. அப்போதே முழுவதையும் அடைத்தால் சுமார் 10,640 வட்டி மிச்சமாகும். நிலுவையில் 5 சதவீதம் அபராதம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த மிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். இடையிடையே கையில் கிடைக்கும் பணத்தை அசலில் கட்ட முடியுமா, எத்தனை மாதங்களுக்குப் பிறகு முடியும், அப்படிக் கட்டினால் தவணை குறையுமா, காலம் குறையுமா என்பனவற்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். வட்டி மாறக்கூடியதா, கடைசியில் ஒரே தவணையாகப் பெருந்தொகை கட்ட வேண்டியிருக்கிறதா, தவணை தவறினால் என்ன அபராதம், எத்தனை தவணைகள் தவறினால் காரை எடுத்துச் செல்வார்கள் என்ற நான்கையும் அதில் தேடிப் பாருங்கள். கட்டம் ஏதேனும் வெறுமையாக விடப்பட்டிருந்தால், அது நிரப்பப்படும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். கடன் தீரும் வரை காரின் மீது கடன் தந்தவருக்கு உரிமை இருக்கும் என்பதால், கடைசித் தவணை கட்டிய எத்தனை நாட்களுக்குள், அந்த உரிமை நீங்கிவிட்டது என்பதற்கான ஆட்சேபணையின்மைச் சான்று (NOC) தருவார்கள் என்பதையும் இப்போதே கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.