செயின்ட் ஏல்ஸ் ஸ்கிஃப்: ஊர்கூடி ஒரு துடுப்புப் படகு கட்டும் முறை

ஸ்காட்லாந்தின் கடலோர ஊர்களில் 2009 முதல் செயின்ட் ஏல்ஸ் ஸ்கிஃப் என்ற ஒரே அளவிலான துடுப்புப் படகை மக்கள் தாங்களே கட்டி ஓட்டி வருகிறார்கள். ஆன்ஸ்ட்ரதரில் உள்ள ஸ்காட்டிஷ் மீன்பிடி அருங்காட்சியகத்தின் துணையோடு தொடங்கிய முயற்சி இது. வடிவமைத்தவர் ஸ்கை தீவில் வாழ்ந்த இயன் ஓட்ரெட். ஃபேர் ஐல் தீவின் பழைய யோல் படகுதான் அவருக்கு முன்மாதிரி. நீளம் 22 அடி (6.7 மீட்டர்), அகலம் சுமார் 1.7 மீட்டர், எடை சுமார் 150 கிலோ. நான்கு பேர் ஆளுக்கொரு துடுப்பு வலிக்க, ஐந்தாமவர் சுக்கான் பிடிப்பார்.

பலகைகளும், கட்டும்போது படகுக்கு வடிவம் தரும் தற்காலிக அச்சுகளும் இயந்திரத்தில் வெட்டிய மரைன் பிளைவுட்டாக (தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை) வந்துவிடும். ஏராக்கட்டை (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை), விளிம்புக் கட்டைகள், துடுப்புகளுக்கான மரத்தை ஊரார் தேட வேண்டும். தச்சு தெரியாதவர்களும் இந்தப் படகைக் கட்டலாம். ஆனால் அளவு சரிபார்ப்பதையும் பசை வேலையையும் யார் எப்போது செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாத குழுவால் முடியாது. படகு கோணிப்போவதற்கும் ஒட்டு விடுவதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம்.

இடம் தேடும்போது முதலில் கதவை அளந்துகொள்ளுங்கள். 1.7 மீட்டர் அகலப் படகு வெளியே வர 2 மீட்டர் வாசல் வேண்டும். உள்ளே 9 மீட்டர் நீளமும் 4.5 மீட்டர் அகலமும் இருந்தால் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று வேலை செய்யலாம்.

படகு கவிழ்ந்த நிலையில்தான் கட்டப்படும். தரையில் உறுதியான நீளச் சட்டகம் அமைத்து, அதன்மேல் அச்சுப்பலகைகளை நிறுத்த வேண்டும். நடுவே ஒரு நூல் கட்டி, ஒவ்வொரு அச்சின் நடுக்கோடும் நூலுக்கு நேராக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். ரசமட்டத்தால் கிடைமட்டத்தையும், மூலைவிட்ட அளவுகளால் சதுரத்தையும் சோதியுங்கள். ஒருவர் அளந்ததை இன்னொருவர் எண்ணைப் பார்க்காமல் மறுபடி அளக்கட்டும். இங்கே 3 மில்லிமீட்டர் விலகினால் கடைசிப் பலகையில் அது கண்ணுக்குத் தெரியும். இந்த வேலைக்கு ஒரு வாரம் கூடுதலாகப் போனாலும் போகட்டும். பலகை ஏறிய பிறகு இதைத் திருத்தவே முடியாது. அச்சின் விளிம்புகளில் பார்சல் டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் படகு அச்சோடு ஒட்டிக்கொள்ளும்.

படகின் முன், பின் முனைகளில் நிற்கும் அணியக் கட்டைகளையும் உள் அடிக்கட்டையையும் மெல்லிய மரப்பட்டைகளை அடுக்கி ஒட்டிச் செய்வார்கள். பலகைகள் துண்டுதுண்டாக வருவதால் சாய்வு இணைப்பில், அதாவது முனைகளைச் சரிவாக இழைத்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, நீளம் சேர்க்க வேண்டும். சாய்வின் நீளம் தடிமனைப் போல் எட்டு மடங்கு: 9 மி.மீ. பிளைவுட்டுக்கு 72 மி.மீ. இழைக்கும்போது பிளைவுட்டின் அடுக்குக் கோடுகள் நேராக ஓடினால் சாய்வு சரி. கோடு வளைந்தால் அந்த இடத்தில் இழைப்புளி அமுங்கியிருக்கிறது.

பலகை ஏற்றுவதுதான் இந்த வேலையின் உயிர். ஒவ்வொரு பலகையும் முந்தையதன் விளிம்பின்மேல் சுமார் 20 மி.மீ. படியும். படியும் இடம் தட்டையாக இருக்க, ஏற்கெனவே ஏறிய பலகையின் விளிம்பைச் சாய்த்து இழைக்க வேண்டும். அந்தச் சாய்வு அச்சுக்கு அச்சு மாறும். முதலில் ஒவ்வொரு அச்சின் மேலும் சிறிதளவு மட்டும் சரியான கோணத்தில் இழைத்து, அடுத்த பலகை உட்காரும் இடத்துக்கு ஒரு நேர்க்குச்சி வைத்துச் சோதியுங்கள். பிறகு இடைப்பட்ட பகுதிகளை ஒன்றாக இணையுங்கள். இரண்டு முனைகளிலும் கடைசி ஓர் அடியில் மேற்படிவு மெல்லக் குறைந்து, அணியத்தில் இரு பலகைகளும் சமமாக முடிய வேண்டும்.

இடப்பக்கப் பலகையையும் வலப்பக்கப் பலகையையும் ஒரே நாளில் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் அதன் இழுவிசை அச்சுகளைத் திருகும். பக்கத்துக்கு ஒரு குழு வைத்துக்கொண்டால் ஒருவர் வேலையை மற்றவர் சோதிக்கவும் வசதி.

கிளாம்ப் 15 செ.மீ.க்கு ஒன்று என்றால் பக்கத்துக்கு 45, இரண்டுக்கும் 90. சாதாரண ஜி-கிளாம்ப் பலகையின் அகலத்தைத் தாண்டி எட்டாது. ஆகவே 18 மி.மீ. பிளைவுட் மிச்சத்தில் நீண்ட கவை வெட்டி, மர ஆப்பு அடித்து இறுக்கும் கிளாம்புகளைச் செய்துகொள்ளுங்கள். புதிதாக வருபவர்களுக்குக் கொடுக்க இது நல்ல முதல் வேலை.

பசை என்பது பிசினையும் கடினமாக்கியையும் கலந்தால் இறுகும் எபாக்ஸி. அதைக் கலக்க ஒருவர் மட்டும், அதுவும் தராசோடு. பிசினும் கடினமாக்கியும் எந்த விகிதம் என்பது டப்பாவில் இருக்கும், எடையா கன அளவா என்பதையும் பாருங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று கடினமாக்கியைக் கூட்டினால் ஒட்டு பலவீனமாகும். ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் வேண்டாம். கோப்பையில் குவிந்து கிடந்தால் அது தானே சூடேறிப் புகையும். கலந்ததும் தட்டையான தட்டில் ஊற்றிவிடுங்கள்.

முதலில் பசையில்லாமல் பலகையை மாட்டிப் பார்த்து, குறி போட்டுக் கழற்றுங்கள். பிறகு இரு பரப்பிலும் வெறும் எபாக்ஸி தடவி, அதன்மேல் சிலிகாத்தூள் கலந்து வழியாத பதத்துக்குக் கெட்டியாக்கியதைப் பூசுங்கள். விளிம்பு முழுக்கப் பசை சிறிது பிதுங்கும் அளவு இறுக்கினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் பசை எல்லாம் வெளியேறி ஒட்டு வறண்டுவிடும். படகின் அடியில் ஒருவர் விளக்கோடு உட்கார்ந்து, உள்ளே பிதுங்கியதை முனை மழுக்கிய குச்சியால் வழித்தெடுக்கட்டும். இறுகியபின் உப்புத்தாளில் தேய்த்து எடுக்க நாள்கணக்காகும்.

ஸ்காட்லாந்துக் குளிரில் கொட்டகை 10 டிகிரிக்குக் கீழே போனால் பெரும்பாலான எபாக்ஸி ஒழுங்காக இறுகாது. பாலித்தீன் கூடாரம் போட்டு மின்சார ஹீட்டர் வையுங்கள். கேஸ் ஹீட்டர் வெளிவிடும் ஈரமும் கரியமில வாயுவும் எபாக்ஸியின் மேல் மெழுகுப் படலம் உண்டாக்கும். அதைத் தண்ணீரும் தேய்ப்பானும் கொண்டு கழுவிய பிறகே அடுத்த பூச்சு. நைட்ரைல் கையுறை கட்டாயம். எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் போகாது, அந்த ஆள் இனிப் பசை வேலை செய்ய முடியாது.

வெளி ஏராக்கட்டை பொருத்தியதும் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து படகைத் திருப்பலாம், கட்டளை ஒருவர் குரலில் மட்டும் வரட்டும். அச்சை எடுத்ததும் கூடு துவளும். விளிம்புக் கட்டைகளும் வங்குகளும் (உள்ளே விலா எலும்புபோல் வரும் சட்டங்கள்) இருக்கைப் பலகைகளும் ஏறும்வரை, அகலத்தை வரைபடத்துக்கு நிறுத்தக் குறுக்குச் சட்டங்கள் இருக்கட்டும். பிளைவுட்டின் வெட்டு விளிம்புகள்தான் தண்ணீர் உறிஞ்சும், அவற்றுக்கு மூன்று பூச்சு எபாக்ஸி. வெயில் எபாக்ஸியைக் கெடுக்கும் என்பதால் மேலே பெயின்ட் அல்லது வார்னிஷ் அவசியம்.

துடுப்புகளைத் தனிக் குழு ஒன்று தொடக்கத்திலேயே ஆரம்பிக்கட்டும், நான்கோடு ஓர் உபரி. கால்மிதிகளை நகர்த்தக்கூடியவையாக வையுங்கள். ஒரே படகில் காலையில் பள்ளி மாணவர்களும் மாலையில் எழுபது வயதுக்காரர்களும் உட்காருவார்கள்.