விடுமுறை ஊருக்கும்தான்: சிறு நகரப் பயணங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு நகரங்களுக்குப் போவதென்றால் எனக்குக் கொள்ளைப் பிரியம். பெரிய நகரத்தில் நான்கு நாள் அலைந்தாலும் கிடைக்காத நிதானம் அங்கே ஒரே மாலையில் கிடைத்துவிடும். ஆனால் விடுமுறைக் காலத்தில் அதே ஊர்களுக்குப் போய் நொந்துபோய்த் திரும்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நமக்கு விடுமுறை என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கும் விடுமுறைதான் என்பதை யோசிக்காமல் கிளம்பிவிடுவதால் வருகிற வினை இது. விடுதியில் சாவி கொடுப்பவருக்கும் பேருந்து ஓட்டுபவருக்கும் வீடு, குடும்பம் எல்லாம் உண்டு. பெரிய ஹோட்டலில் ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் வந்து நிற்பார். பத்து அறை விடுதியில் அந்த இன்னொருவர் கிடையாது.

முதல் தவறு, நம் வீட்டு நாள்காட்டியை மட்டும் பார்த்துத் தேதி குறிப்பது. போகிற ஊரின் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். ஜப்பானில் ஏப்ரல் 29, மே 3, 4, 5 எல்லாமே அரசு விடுமுறை. அந்த வாரம் நாடே பயணத்தில் இருக்கும். சீனாவில் அக்டோபர் 1-இல் தொடங்கும் வாரமும் அப்படித்தான். இத்தாலியில் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிக் கடற்கரை ஊர்கள் பிதுங்கி வழியும், உள்நாட்டு ஊர்களிலோ குடும்பமாக நடத்தும் கடைகள் பல பூட்டிக் கிடக்கும். பிரான்சில் குளிர்கால, வசந்தகாலப் பள்ளி விடுமுறைகளை மூன்று மண்டலங்களாகப் பிரித்து வெவ்வேறு வாரங்களில் விடுகிறார்கள். ஒரு வாரம் முன்னே பின்னே நகர்ந்தால் கூட்டம் குறைவதும் உண்டு.

தேதி நகரும் பண்டிகைகளில் இன்னும் கவனம் வேண்டும். ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த ஞாயிறிலும் வரலாம். இஸ்லாமியப் பெருநாட்கள் ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முன்னால் வரும். போன வருடம் காலியாக இருந்த வாரம் இந்த வருடமும் காலியாக இருக்கும் என்று நம்ப முடியாது.

ஊர்த் திருவிழா வேறு விஷயம். ஸ்பெயினின் பாம்ப்லோனாவில் ஜூலை 6 முதல் 14 வரை சான் ஃபெர்மின் விழா. ஜப்பானின் அவோமோரியில் ஆகஸ்ட் 2 முதல் 7 வரை நெபுத்தா விழா. அந்த நாட்களில் விழா பார்க்கப் போகிறவர்கள் மாதக்கணக்கில் முன்பே அறை பிடித்திருப்பார்கள். விழா நடப்பதே தெரியாமல் போய் இறங்குகிறவருக்கு அறையும் கிடைக்காது, கிடைத்தாலும் தூக்கம் வராது. ஊர்ப் பெயரையும் மாதத்தையும் போட்டு ஒரு தடவை தேடிப் பார்த்தால் போதும், ஐந்து நிமிட வேலை.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு பேருந்து அட்டவணையைச் சரியாகப் படிக்காததுதான். ஜெர்மனியின் கிராமப்புற நிறுத்தங்களில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு பத்தி, சனிக்கு ஒன்று, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களுக்கு ஒன்று. சில நேரங்களுக்கு மேலே சின்னதாக ஓர் எழுத்து இருக்கும். அதன் பொருள் தாளின் அடியில்: பள்ளி நாட்களில் மட்டும். அந்த வழித்தடம் ஓடுவதே பள்ளிப் பிள்ளைகளுக்காகத்தான். விடுமுறை விட்டதும் பாதி வண்டிகள் நின்றுபோகும், நாம் போய் இறங்குவதும் சரியாக அந்த வாரத்தில்தான். சில இடங்களில் முன்கூட்டியே போன் செய்தால் மட்டும் வரும் பேருந்துகளும் உண்டு. நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் அது தானாக வராது. ஆகவே அடியிலுள்ள குறிப்புகளை முதலில் படித்துவிட்டு, அப்புறம் நேரத்தைப் பாருங்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது, இரவு எந்நேரம் போனாலும் வரவேற்பில் ஆள் இருப்பார் என்று நினைப்பது. ஒரு தடவை ரயில் தாமதமாகி இரவு பத்தேகாலுக்கு விடுதி வாசலில் போய் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மேசை விளக்கு மட்டும் எரிந்தது. மேசைமேல் என் பெயர் எழுதிய உறை, அதற்குள் சாவி புடைத்துக்கொண்டிருந்தது தெளிவாகத் தெரிந்தது. கையெட்டும் தூரம்தான், நடுவில் கண்ணாடி. கதவில் ஒட்டியிருந்த எண்ணை அழைக்க என் போனில் அந்த நாட்டு இணைப்பு இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் குப்பை போட வெளியே வந்த பெண்மணி தன் போனில் அழைத்துக் கொடுத்தார். உரிமையாளர் இரவு உடையோடு சைக்கிளில் வந்து திறந்துவிட்டார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. வரவேற்பு எட்டு மணி வரைதான் என்று உறுதிப்படுத்தும் மின்னஞ்சலிலேயே இருந்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முந்தைய நாள் விடுதிக்கு நேரடியாக ஒரு செய்தி அனுப்பி, வரும் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். தாமதமானால் உள்ளே வர என்ன வழி, சாவிப் பெட்டி இருந்தால் அதன் எண் என்ன என்றும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அறை பிடிக்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஜப்பானின் பாரம்பரிய விடுதிகளில் கட்டணம் பெரும்பாலும் ஆள் கணக்கில், இரண்டு வேளை உணவோடு சேர்த்துச் சொல்வார்கள். இரவு உணவு நேரம் தவறிப் போனால் உணவும் போச்சு, காசும் போச்சு. ‘இலவச ரத்து’ என்று போட்டிருந்தால் அது எந்த நேரம் வரை என்று பாருங்கள். அந்தக் கெடு வழக்கமாக விடுதி இருக்கும் ஊரின் நேரப்படிதான். விடுமுறைக் காலத்தில் அறை விலை ஏறுவது போலவே ரத்து விதிகளும் இறுகும். மதிப்புரை படித்தால், போகிற அதே மாதத்தில் தங்கியவர்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள். மழைக்காலத்தில் அமைதியாக இருந்த சதுக்கம் கோடையில் நள்ளிரவு வரை சத்தம் போடலாம். தெருப் பக்க அறையா, முற்றத்துப் பக்க அறையா என்று ஒரு வரி கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஐந்து நாளில் ஐந்து ஊர் என்று திட்டம் போடுவதும் வேண்டாம். காலை பத்து, பதினொன்றுக்கு ஓர் அறையைக் காலி செய்துவிட்டு, மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் அடுத்த அறைக்குள் நுழைய முடியும். நடுவில் பையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். ஐந்து நாளில் இது நான்கு தடவை நடக்கும். ஒரே ஊரில் மூன்று இரவு தங்கி, பக்கத்து ஊர்களுக்குப் பகலில் போய்வாருங்கள். இரண்டாம் நாள் காலையில் விடுதிக்காரரே நாளை எந்தக் கடை திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார். எந்தச் செயலியிலும் அது இருக்காது.

சில்லறைப் பணமும் வழக்கமாகச் சாப்பிடும் மருந்தும் கையோடு இருக்கட்டும். ஜெர்மனியில் ஞாயிறும் அரசு விடுமுறையும் வந்தால் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் நிலையங்களும்தான் கைகொடுக்கும். அந்த இரண்டும் அடுத்தடுத்த நாளாக வந்தால் அதற்கு முந்தின நாளே தேவையானதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

போகும் டிக்கெட்டை அக்கறையாக எடுத்துவிட்டுத் திரும்பும் டிக்கெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் கடைசித் தவறு. கிளம்பும் நாள் ஆளுக்கு ஆள் மாறும். விடுமுறை முடியும் நாள் எல்லோருக்கும் ஒன்றுதான், அன்று மாலை வண்டியில் நிற்கக்கூட இடமிருக்காது. அன்று காலை முதல் வண்டியிலோ, முடிந்தால் முந்தின நாளோ திரும்புவது போல டிக்கெட் எடுத்துவிடுங்கள்.