போனான் மொழி பிழைக்குமா? கணிக்கும்போது நேரும் தவறுகள்

சீனாவின் சிங்ஹாய், கான்சு மாகாணங்களில் பேசப்படும் போனான், மங்கோலியக் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய மொழி. அதைப் பேசுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இன்னொரு மொழியும் சரளம். சிங்ஹாயில் தொங்ரன் பக்கம் (திபெத்தியர்கள் ரெப்கோங் என்பார்கள்) அது அம்தோ திபெத்தியம், அதாவது திபெத்தியத்தின் ஒரு வட்டார வழக்கு. கான்சுவில் ஜிஷிஷான் பக்கம் அந்த வட்டாரச் சீனம். இப்படிப்பட்ட ஒரு மொழியின் உயிர்ப்பை அளக்கப் போகிறவர்கள் சில இடங்களில் தவறாமல் சறுக்குகிறார்கள்.

பெரிய சறுக்கல், இனக் கணக்கை மொழிக் கணக்காக எடுத்துக்கொள்வது. 2010 கணக்கெடுப்பின்படி சீனாவில் போனான் இனத்தவர் 20,074 பேர். உடனே மொழிக்கும் 20,000 பேர் என்று எழுதிவிடுகிறார்கள். இந்த இனப் பெயரில் பதிவானவர்கள் பெரும்பாலும் கான்சுவில் வாழும் முஸ்லிம்கள். 1860களில் தொங்ரனை விட்டுக் கிளம்பியவர்களின் வழிவந்தவர்கள். இவர்களில் பலர் இப்போது சீனம்தான் பேசுகிறார்கள். தொங்ரனிலேயே தங்கிவிட்ட பௌத்தர்களோ அரசுப் பதிவில் ‘து’ இனத்தவர். தாங்கள் பேசும் போனானை மனேகச்சா என்று சொல்லும் இவர்கள், நான்கு ஊர்களில் சுமார் 8,000 பேர், போனான் கணக்கில் வருவதே இல்லை. ஆக, பேசாதவர்கள் உள்ளே, பேசுகிறவர்கள் வெளியே. அந்த எண்ணை வைத்துக்கொண்டு மொழியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அடுத்தது, இருமொழிப் பழக்கத்தையே நோயாகப் பார்ப்பது. தொங்ரன் ஊர்க்காரர்கள் பல தலைமுறைகளாகத் திபெத்தியமும் பேசி வந்தவர்கள். சந்தைக்கும் மடாலயத்துக்கும் அது, வீட்டுக்கு மனேகச்சா. இந்தப் பங்கீடு நிலைத்தவரை மொழி தாக்குப்பிடித்தது. கவலைப்பட வேண்டியது, வீட்டுக்குள்ளும் மற்ற மொழி குடியேறும்போதுதான். மனேகச்சா பற்றி ஆராய்ந்த ஜெரால்ட் ரோச், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்கள் பிள்ளைகளிடம் திபெத்தியத்துக்கு மாறிவிட்டதாகச் சொல்கிறார்.

இதோடு ஒட்டியது ‘கலப்படம்’ என்ற தீர்ப்பு. மனேகச்சாவில் திபெத்தியச் சொற்கள் ஏராளம். சொற்கள் மட்டுமா, இலக்கணமும் வந்திருக்கிறது: பேசுபவர் தன் செயலைச் சொல்லும்போது வினை ஒரு வடிவம் எடுக்கும், அடுத்தவரைப் பற்றிச் சொல்லும்போது வேறு வடிவம். அம்தோ திபெத்தியத்திலும் இதே வழக்கம் உண்டு. இதைப் பார்த்து மொழி கரைந்துகொண்டிருக்கிறது என்று முடிவுகட்டுவது அவசரம். ஒரு குழந்தை இந்த வினைவடிவங்களைத் தடுமாறாமல் கையாள்கிறது என்றால் அந்த மொழி அங்கே நன்றாகவே வாழ்கிறது.

எல்லாப் பழியையும் சீனத்தின் மேல் போடுவதும் தவறு. கான்சுவில் அது பொருந்தும். ரெப்கோங்கில் வீடுகளுக்குள் நுழைவது திபெத்தியம். அந்தத் திபெத்தியமே சீனத்தின் நெருக்கடியில் இருக்கிறது. திபெத்தியத்துக்காகக் குரல் கொடுப்பது அவசியமான வேலைதான், ஆனால் அதில் மனேகச்சா தானாக அடங்கிவிடாது. பள்ளியில் அதற்கு இடமில்லை, பரவலாக வழங்கும் எழுத்தும் இல்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்: சிறுபான்மைக்குள் இருக்கும் சிறுபான்மை யார் கண்ணிலும் படுவதில்லை.

அப்புறம், பண்பாட்டுக் கொண்டாட்டத்தைக் கண்டு ஏமாறுவது. ரெப்கோங் கலைகள் 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. தங்கா எனப்படும் திபெத்திய பௌத்தத் துணி ஓவியம் செழிப்பதால் ஓவியர் வீட்டுப் பேச்சும் செழிக்கிறது என்று ஆகாது.

சரி, எதைத்தான் பார்ப்பது? 2003இல் யுனெஸ்கோ நிபுணர்கள் முன்வைத்த ஒன்பது அளவுகோல்களில் முதலாவது, தலைமுறைக்குத் தலைமுறை மொழி கைமாறுகிறதா என்பது. அதை ‘உங்களுக்கு இந்த மொழி தெரியுமா?’ என்று பெரியவர்களிடம் கேட்டு அறிய முடியாது. ஆமாம் என்றுதான் பதில் வரும். அம்மா பிள்ளையிடம் எதில் பேசுகிறாள், பாட்டியிடம் பேரன் எதில் பதில் சொல்கிறான், தெருவில் பிள்ளைகள் தங்களுக்குள் எதில் சண்டை போடுகிறார்கள், வெளியூரிலிருந்து மருமகள் வந்த வீட்டில் என்ன நடக்கிறது: இவற்றை ஊர் ஊராகத் தனித்தனியே பார்க்க வேண்டும். நான்கு ஊருக்கும் சேர்த்துச் சராசரி எடுத்தால், எந்த ஊரில் முதலில் உதவி தேவை என்பதே மறைந்துவிடும்.