மலைநாட்டு ஈரத்தில் ஒரு பழைய பட்டு கவுனைக் காப்பாற்றும் விதம்

என் அம்மாயி தோட்டத்து பங்களாவில் ஆயாவாக இருந்தவர். 1975இல் வெள்ளைக்காரக் கம்பனிகளின் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் துரையும் துரைசாணியும் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார்கள். போகும்போது துரைசாணி அம்மாயியிடம் கொடுத்த சாமான்களில் ஒன்று, தந்த நிறத்தில், நெஞ்சுப் பக்கம் மணி கோத்த நீளமான ஈவினிங் கவுன். லேபிளில் 'நோர்மன் ஹார்ட்னெல், லண்டன்' என்று இருக்கிறது. எலிசபெத் மகாராணியின் 1947 திருமண உடையையும் 1953 முடிசூட்டு உடையையும் வடிவமைத்தவர் அவர்தான். அந்த முடிசூட்டு உடையைத்தான் 1954 ஏப்ரலில் கொழும்பில் பாராளுமன்றத்தைத் திறந்து வைக்கும்போதும் மகாராணி உடுத்தியிருந்தார்.

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில், அடுப்புக்கு மேலே பரணில், தகரப் பெட்டிக்குள் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தது அந்தக் கவுன். ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் புது வீடு கட்டி, அதை நல்ல அலுமாரியில் மாட்டிய முதல் மழைக்காலத்திலேயே பூஞ்சணம் பிடித்தது. அடுப்பின் சூடு பரணை எப்போதும் காய்ந்தே வைத்திருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. புது அலுமாரியோ மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டி நின்றது. கவுனை மீட்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், என்ன துணி என்று பாருங்கள்

உள்தையலில் தொங்கும் ஒரே ஒரு நூலை வெட்டி, ட்வீசரால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். தலைமயிர் கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகிக் கெட்டியான மணி போல ஆனால் நைலோன் அல்லது அசிடேட். கடதாசி போல எரிந்தால் ரேயோன் அல்லது பருத்தி.

சிப்பையும் பாருங்கள். இடது விலாப் பக்கம் உலோக சிப் இருந்தால் பெரும்பாலும் 1940கள், 50கள். நைலோன் சிப் 1960களில்தான் பரவலானது. ஆனால் பழுதான சிப்பை யாராவது பிறகு மாற்றியிருக்கலாம், அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். லேபிளைத் தைத்த நூலும் பக்கத்துத் தையல்களைப் போலவே பழுப்பேறியிருக்கிறதா என்று கவனியுங்கள். வேறு உடையில் இருந்து லேபிளைப் பிரித்துத் தைத்துவிடுகிறவர்களும் உண்டு. லேபிள், சிப், உள்ளே இருக்கும் இடுப்புப் பட்டை எதையும் அகற்றாதீர்கள். சேகரிப்பவர்கள் இந்த மூன்றையும்தான் முதலில் தேடுவார்கள். அளவு சரியில்லை என்று வெட்டித் தைக்கவும் வேண்டாம்.

அடுத்து காயவைப்பது (நான் தடுக்கி விழுந்தது இங்கேதான்)

பூஞ்சணத்தைக் கண்டதும் பதறிப்போய் ஈரத்துணியால் துடைத்தேன். அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஈரம் பட்டதும் மேலே மட்டும் நின்ற பூஞ்சணம் நெசவுக்குள் இறங்கிவிட்டது. போதாக்குறைக்கு, ஈரம் பரவி நின்ற விளிம்பில் பழுப்பு வளையமும் விழுந்தது. துணியில் இருந்த பழைய அழுக்கைத் தண்ணீர் கரைத்து ஓரத்துக்குத் தள்ளியதால் வந்த கறை அது. இன்றைக்கும் வலது மடிப்பில் இருக்கிறது.

பூஞ்சணம் உயிரோடு இருக்கும்வரை மெத்தென்று ஒட்டும். காய்ந்துவிட்டால் பொடியாக உதிரும். அதனால் காயவைக்காமல் கையே வைக்கக்கூடாது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் வளரும். சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்குங்கள். இந்த வேலைக்கு நான் செலவழித்ததிலேயே பயனுள்ள காசு அதுதான். என் அலுமாரிக்குள் 88 காட்டியது!

எந்த மாதத்தில் தொடங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் என்றால் ஜனவரியில் இருந்து மார்ச் வரை நல்லது, மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். பண்டாரவளை, பதுளைப் பக்கம் வறண்ட கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் சரி.

கவுனைக் கொடியில் தொங்கவிடாதீர்கள், மணிகளின் பாரம் தோள்பட்டையைக் கிழித்துவிடும். மேசையில் வெள்ளைத் துணி விரித்துக் கிடத்தி, மின்விசிறியை நேரே வீசாமல் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். வெயில் வேண்டவே வேண்டாம். பட்டு வெயிலில் மஞ்சளாகி நொறுங்கும். மீட்டர் 55க்குக் கீழே இறங்கிய பிறகு இரண்டு மூன்று நாள் பொறுங்கள்.

உதிர்ப்பது

வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள். பல்துலக்கும் பிரஷ் பட்டு இழையைப் பிய்த்துவிடும். நான் பாவிப்பது ஓவியர்களின் ஆட்டுமயிர்த் தூரிகை. அதைவிட மென்மையாக எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. வெகுவாகப் பிடித்த இடங்களுக்கு வெக்யூம் கிளீனரின் வாயில் நுளம்பு வலைத் துண்டைக் கட்டி, மிகக் குறைந்த வேகத்தில், துணியைத் தொடாமல் பிடியுங்கள். இதற்குப் பிறகும் தெரியும் கறையை அப்படியே விட்டுவிடுங்கள். கறையோடு இருக்கும் பழைய கவுன், தேய்த்து ஓட்டையான கவுனைவிட எவ்வளவோ மேல்.

பத்திரப்படுத்துவது

பலமுறை துவைத்து மெலிந்த, நீலம் போடாத வெள்ளை வேட்டியில் சுற்றுங்கள். மடிப்பு வரும் ஒவ்வோர் இடத்திலும் பருத்தித் துணியை உருட்டி வைத்தால் மடிப்புக் கோட்டில் பட்டு வெடிக்காது. அப்புறம் இறுக மூடும் பெட்டியில் அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரம் குடித்தால் நிறம் மாறும் செம்மஞ்சள் வகை நல்லது. நிறம் மாறியதும் 120 பாகையில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால் திரும்பப் பாவிக்கலாம். ஜெல் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் உறையில் மட்டும் கட்டி வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும்.

அந்தக் காலத்து பங்களா அலுமாரிகளுக்குள் ஒரு பல்பு எரியும் என்று அம்மாயி சொல்வார். சூட்டுக்காக வைத்தது. இன்றைய எல்இடி பல்பில் அந்தச் சூடு இல்லை. பழைய பல்பைத் தேடிப் போட்டாலோ பட்டுக்குப் பக்கத்தில் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது. சிலிக்கா ஜெல்லே போதும்.

பின்சேர்க்கை 1: கறை போக தேசிக்காயும் உப்பும் போடலாமா, பிளீச் போடலாமா என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். தேசிக்காய்ப் புளிப்பு சாயத்தை மாற்றிவிடும். குளோரின் பிளீச் பட்டையே கரைத்துவிடும், ஏனென்றால் பட்டு ஒரு புரதம்.

பின்சேர்க்கை 2: டிரை கிளீனிங் கொடுத்ததில் மணிகள் பசையாகி ஒட்டிக்கொண்டன என்று பண்டாரவளை வாசகி ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் மனது கஷ்டமாகிவிட்டது. சில பழைய பிளாஸ்டிக் மணிகள் அந்த இரசாயனத்தில் இளகிவிடும். 1920கள், 30களின் ஜெலட்டின் ஜிகினாவோ தண்ணீரிலேயே கரைந்துபோகும். கண்ணாடி மணி பல்லில் மெதுவாகத் தட்டினால் 'டிக்' என்று கெட்டியான ஒலி தரும், பிளாஸ்டிக் மந்தமாக ஒலிக்கும். சந்தேகம் இருந்தால் எந்தக் கடைக்கும் கொடுக்காதீர்கள். முன்பு நான் எழுதியதில் 'தேவையென்றால் டிரை கிளீனிங்' என்ற வரி இருந்தது, அதை எடுத்துவிட்டேன்.

பின்சேர்க்கை 3: பூச்சி ஓட்டை இருந்தால் பூச்சி உருண்டை போட வேண்டாம், அது பிளாஸ்டிக் மணிகளைக் கெடுக்கும். நன்றாகக் காய்ந்த கவுனைக் காற்றுப் புகாத பையில் கட்டி, டீப் பிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் குளிர்ந்த பட்டின் மேல் பனி பிடித்து, மறுபடியும் காயவைப்பதில் இருந்தே தொடங்க வேண்டிவரும்.