மேசைமேல் விரியும் வரைபடம்: டிவி, புரொஜெக்டர் வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொடங்கி, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கதை விளையாட்டுகள் பலவற்றிலும் சண்டை என்று வந்துவிட்டால் கட்டம் போட்ட வரைபடம் தேவைப்படும். ஓர் அங்குலச் சதுரம் ஒரு கட்டம். கதைக்குள் அது ஐந்து அடி. மினியேச்சர் எனப்படும் விரல் உயர உருவத்தை ஆறு கட்டம் நகர்த்தினால் வீரன் முப்பது அடி ஓடிவிட்டான் என்று கணக்கு. இதைக் காகிதத்தில் வரைந்தார்கள், அழித்து எழுதும் வினைல் விரிப்பில் மார்க்கரால் கோடு போட்டார்கள். இப்போது பலர் டிவியை மேசையில் படுக்கவைக்கிறார்கள், அல்லது கூரையிலிருந்து புரொஜெக்டரைக் கீழ்நோக்கித் திருப்புகிறார்கள். குகையின் இருட்டுக்குள் தீப்பந்தத்தின் வெளிச்சம் நகர நகர அறைகள் ஒவ்வொன்றாகத் திறப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் வினைல் விரிப்புக்குத் திரும்ப மனம் வராது.

ஆனால் இதற்காகப் பணம் போடுபவர்கள் பெரும்பாலும் சினிமா பார்க்கிற கண்ணோடு கடைக்குப் போகிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. சினிமாத் திரையை எல்லோரும் ஒரே பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள், யாரும் அதைத் தொடுவதில்லை, படம் இரண்டு அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் ஆகாது. மேசை வரைபடத்தையோ நான்கு பக்கத்திலிருந்தும் பார்க்கிறோம், அதன்மேல் கை வைக்கிறோம், காய் வைக்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக அது ஓர் அளவுகோல். இந்த வேறுபாட்டை மறப்பதிலிருந்தே மற்ற தவறுகள் கிளைக்கின்றன.

முதல் தவறு, கட்டத்தைக் கண்ணளவில் சரிசெய்வது. படத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கி, ஒரு காயின் அடித்தட்டு கட்டத்துக்குள் உட்கார்ந்ததும் 'சரியாகிவிட்டது' என்று விட்டுவிடுகிறோம். ஒரு கட்டத்தில் அரை மில்லிமீட்டர் பிழை இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. இருபது கட்டம் தாண்டும்போது அது பத்து மில்லிமீட்டர் ஆகிவிடும். தீக்கோளம் என்ற மந்திரம் பரவும் வட்டத்தை அளக்கக் கம்பியில் வளைத்து வைத்திருக்கும் அளவுச் சட்டத்தை வரைபடத்தில் வைத்தால் ஓரக் கட்டங்கள் உள்ளேயா வெளியேயா என்று வாக்குவாதம் கிளம்பும்.

கணக்குப் போட்டுவிட்டால் இந்த வேலை இரண்டு நிமிடம்தான். 43 அங்குல டிவி என்றால் மூலைக்கு மூலை 43. அதன் அகலம் ஏறத்தாழ 37.5 அங்குலம், உயரம் 21 அங்குலம். முழு எச்டி திரையில் குறுக்காக 1920 புள்ளிகள் (பிக்சல்கள்) இருக்கின்றன. 1920ஐ 37.5ஆல் வகுத்தால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 51 புள்ளிகள். 4கே திரையாக இருந்தால் அதன் இரு மடங்கு, 102. ஃபவுண்ட்ரி, ரோல்20, ஆவுல்பேர் ரோடியோ என்று வரைபடம் காட்டும் எந்த மென்பொருளில் ஆடினாலும், ஒரு கட்டம் திரையில் இத்தனை புள்ளிகள் வரும்படி படத்தின் ஜூமை வைக்க வேண்டும். பிறகு டேப்பை எடுத்து ஒரு கட்டத்தை அளக்காதீர்கள். இருபது கட்டங்களைச் சேர்த்து அளந்து பாருங்கள். 508 மில்லிமீட்டர் வர வேண்டும். நீளவாட்டில் ஒருமுறை, அகலவாட்டில் ஒருமுறை.

கணக்கு சரியாக இருந்தும் அளவு ஒத்துவராவிட்டால் இரண்டு இடங்களில் தேடுங்கள். ஒன்று, டிவியின் ஓவர்ஸ்கேன். பழைய ஒளிபரப்பு வழக்கத்தின் மிச்சமாக, பல டிவிகள் படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுகின்றன. ஐந்து சதவீதம் வெட்டினால் 37 கட்டங்களில் ஏறத்தாழ இரண்டு காணாமல் போகும், மிச்சக் கட்டங்கள் பருத்துவிடும். பட அமைப்புகளில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஃபுல் பிக்சல்' என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இதற்கு மாற்று இருக்கும். இரண்டாவது, லேப்டாப்பில் இருக்கும் டிஸ்ப்ளே ஸ்கேலிங். 4கே டிவியை இணைத்தவுடன் எழுத்துகள் படிக்கத் தெரிய வேண்டும் என்று விண்டோஸ் தானாகவே 150 சதவீதமோ அதற்கு மேலோ வைத்துவிடும். பிரவுசரில் நீங்கள் 102 என்று வைத்தது திரையில் 153 ஆகிவிடும். அந்தத் திரைக்கு மட்டும் 100க்குக் கொண்டுவந்துவிட்டு அளவைத் தொடங்குங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, அறுபதுக்கு நாற்பது கட்டம் கொண்ட பெரிய கோட்டை வரைபடத்தை வாங்கிவிட்டு அதை 37க்கு 21 கட்டத் திரையில் ஆட நினைப்பது. படத்தை நகர்த்தினால் காய்கள் நகராது. பன்னிரண்டு உருவங்களையும் தூக்கி, எது எந்தக் கட்டத்தில் இருந்தது என்று நினைவுபடுத்தி மறுபடி வைப்பதற்குள் சண்டையின் சூடு ஆறிவிடும். கோட்டையை வாசல், முற்றம், மண்டபம் என்று திரைக்கு அடங்கும் துண்டுகளாக முன்கூட்டியே வெட்டிவையுங்கள். ஒரு கதவைத் தாண்டும் இடத்தில் துண்டு மாறினால் யாருக்கும் உறுத்தாது.

டிவியைப் படுக்கவைப்பதில் உள்ள ஆபத்துகள்

டிவியின் முகம் பாரம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதில்லை. விரலால் அழுத்தினாலே படம் கலங்குகிற மெல்லிய தகடு அது. அதன்மேல் ஈயக் கலவையில் வார்த்த காய்களை வைத்து, ஆர்வத்தில் முழங்கையையும் ஊன்றினால் என்ன ஆகும்? மேலே அக்ரிலிக் தகடோ, டெம்பர்டு கண்ணாடியோ கட்டாயம். எது நல்லது என்று கேட்டால் நான் அக்ரிலிக் பக்கம்தான். சீக்கிரம் கீறல் விழும் என்பது உண்மை. ஆனால் 43 அங்குலத் திரையை மூடும் 6 மில்லிமீட்டர் கண்ணாடி ஏழரைக் கிலோ இருக்கும், அதே அளவு அக்ரிலிக் அதில் பாதிதான். எதுவானாலும் அதன் எடை சுற்றியுள்ள மரச்சட்டத்தில் இறங்க வேண்டும், டிவியின் முகத்தில் இறங்கக் கூடாது.

அதற்காகப் பாதுகாப்பு என்று திரைக்கும் தகட்டுக்கும் நடுவே தாராளமாக இடைவெளி விடுவதும் தவறு. பத்து மில்லிமீட்டர் இடைவெளி, ஐந்து மில்லிமீட்டர் அக்ரிலிக் என்று வைத்துக்கொள்வோம். நேர்மேலிருந்து பார்ப்பவருக்குக் காய் கட்டத்தின் நடுவில் நிற்கும். நாற்காலியில் சாய்ந்து 45 பாகையில் பார்ப்பவருக்கு அதே காய் ஏறத்தாழ அரைக் கட்டம் தள்ளி நிற்பதாகத் தெரியும். எதிரெதிரே உட்கார்ந்த இருவர் ஒரே காயைப் பார்த்து வெவ்வேறு கட்டத்தைச் சொல்வார்கள், இருவரும் தங்கள் கண்ணுக்கு உண்மையாகத்தான் பேசுவார்கள். முகத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போதும். மூச்சுவிட இடம் தேவைப்படுவது டிவியின் முதுகுக்கு. வெப்பம் வெளியேறும் துளைகள் அங்கேதான் இருக்கின்றன. மேசைப் பலகையில் அதை ஒட்டிப் படுக்கவைக்காமல் நான்கு மூலையிலும் கட்டை கொடுத்து இரண்டு அங்குலமாவது உயர்த்துங்கள்.

எங்கள் வீட்டில் முதல் டிவி போனது தேநீரால். டம்ளர் கவிழ்ந்ததும் எல்லோரும் துணியோடு பாய்ந்து அக்ரிலிக்கைப் பளபளவென்று துடைத்துவிட்டோம். தகட்டின் ஓரமாகக் கசிந்து சட்டத்துக்குள் இறங்கிய ஒரு மெல்லிய கோட்டை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அரைமணி நேரத்தில் திரையின் கீழ்விளிம்பிலிருந்து பச்சைக் கோடுகள் செங்குத்தாக எழுந்தன. அன்று முதல் தகட்டின் நான்கு ஓரமும் சிலிக்கான் பூசி அடைத்திருக்கிறேன். குடிப்பது எதுவானாலும் பக்கத்தில் போட்ட ஸ்டூலில்தான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது பேனலின் வகை. விஏ பேனல்கள் நேராகப் பார்த்தால் ஆழமான கறுப்பு தரும், பக்கவாட்டில் நிறம் வெளுத்துவிடும். மேசையைச் சுற்றி அமர்ந்தால் எல்லோருமே பக்கவாட்டில்தான் பார்க்கிறார்கள். அதனால் ஐபிஎஸ் பேனலே பொருத்தம். கடையில் டிவியின் பக்கவாட்டில் போய், கன்னத்தைச் சுவரோடு ஒட்டினாற்போல நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஓஎல்இடி எந்தக் கோணத்திலும் அழகுதான், ஆனால் ஒரே கட்டக் கோடு வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அதன் தடம் திரையில் தங்கிவிடக்கூடும். வீட்டுக்கு வந்ததும் பின்னொளியைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடுங்கள். கீழிருந்து முகத்தில் அடிக்கும் வெளிச்சத்தில் நான்கு மணி நேரம் யாராலும் உட்கார முடியாது.

புரொஜெக்டர்: கூரையைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

புரொஜெக்டர் வாங்குபவர்கள் முதலில் கேட்பது லூமன்ஸ், அதாவது ஒளியின் அளவு. முதலில் கேட்க வேண்டியதோ த்ரோ ரேஷியோ, அதாவது லென்சிலிருந்து படம் விழும் இடம் வரை உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வரும் எண். பத்தடி உயரக் கூரை, இரண்டரை அடி உயர மேசை. நடுவே 90 அங்குலம். தொங்கும் கம்பிக்கும் கருவிக்கும் ஓர் அடி கழித்தால் 78. ரேஷியோ 1.5 என்றால் படத்தின் அகலம் 52 அங்குலம். நான்கடி மேசைக்கு இது ஏறத்தாழப் பொருந்தும். ஷார்ட் த்ரோ என்பது ஏதோ உயர்ந்த வகை என்று நினைத்து 0.5 ரேஷியோ கருவியை அதே கூரையில் மாட்டினால் 156 அங்குலப் படம் வரும். மேசைக்கு வெளியே தரையில் கொட்டுகிற புள்ளிகள் அத்தனையும் வீண்.

சரி, கருவியைக் கீழே இறக்கிவிடலாமே என்று தோன்றும். மேசைக்கு இரண்டடி உயரத்தில் அது தொங்கினால் தலையில் இடிக்கும் என்பது ஒரு பக்கம். நிழலைப் பாருங்கள். ஒன்றேகால் அங்குல உயரக் காய் மேசையின் நடுவிலிருந்து இரண்டடி தள்ளி நின்றால், கூரையிலிருந்து வரும் ஒளியில் அதன் நிழல் அரை அங்குலத்துக்கும் குறைவு. இரண்டடி உயரத்திலிருந்து வரும் ஒளியில் நிழல் ஒரு கட்டத்தைத் தாண்டிவிடும். பக்கத்துக் கட்டத்தில் பொறி இருக்கிறதா, படிக்கட்டா என்றே தெரியாது.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. கூரையின் நடுவில் ஏற்கெனவே மின்விசிறி தொங்குகிறது, மேசையும் அதன் கீழேதான் கிடக்கிறது. விசிறியை ஒட்டிப் புரொஜெக்டரை மாட்டினால் இறக்கைகள் ஒளியை வெட்டிப் படம் படபடக்கும். வெட்டாத தூரத்தில் மாட்டிச் சாய்த்து அடித்தால் சதுரம் சரிவகமாகும். கீஸ்டோன் பொத்தானை அழுத்தி அதை நிமிர்த்திவிடலாம் என்கிறார்கள். அது படத்தைச் சதுரமாக்குவது உள்ள புள்ளிகளைச் சுருக்கி, நீட்டி, கலந்துதான். கட்டக் கோடுகள் ஓரிடத்தில் கூர்மையாகவும் ஓரிடத்தில் மங்கியும் தெரியும். மேசையை விசிறிக்கு அப்பால் நகர்த்திவிட்டு, அதற்கு நேர்மேலே கருவியை மாட்டுவதுதான் நான் கண்ட வழி. காற்றுக்கு ஒரு பெடஸ்டல் ஃபேன். மாட்டும் இடத்தைக் குறிக்கும்போது ஆஃப்செட்டையும் பாருங்கள். பல கருவிகளில் படம் லென்சுக்கு நேராக விழாமல் ஒரு பக்கம் ஒதுங்கியே விழும். துளை போடுவதற்கு முன் கருவியை ஒருவர் கையில் பிடிக்க, இன்னொருவர் தரையில் குறித்துக்கொள்ளுங்கள்.

விளக்கு பொருத்திய பழைய வகைக் கருவிகள் சிலவற்றை மூக்கு கீழ்நோக்கிச் செங்குத்தாகத் தொங்கவிடக் கூடாது. வெப்பம் தவறான பக்கம் தங்கி விளக்கு சீக்கிரம் போய்விடும். கையேட்டில் எந்தக் கோணம் வரை அனுமதி என்று எழுதியிருப்பார்கள். எல்இடி, லேசர் வகைகளில் இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் படித்துவிடுங்கள். கருவியைப் படுக்கையாகவே வைத்துக் கண்ணாடியில் ஒளியைத் திருப்புபவர்கள் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியை வைக்காதீர்கள். அதில் ரசம் பின்புறம் பூசப்பட்டிருப்பதால் ஒவ்வொரு கோடும் இரட்டையாக விழும். முன்புறம் பூசிய கண்ணாடி வேண்டும், புரொஜெக்டரின் மெனுவில் படத்தை இடவலமாகத் திருப்பிவிடவும் வேண்டும்.

இனி லூமன்ஸ். 52க்கு 29 அங்குலப் படம் என்பது ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர்தான். அந்தப் பரப்புக்கு 800 அல்லது 1000 ஆன்சி லூமன்ஸ் (தர முறைப்படி அளந்த லூமன்ஸ்) இருந்தால் டியூப் லைட்டை அணைக்காமலேயே ஆடலாம். பெட்டியில் 'ஆன்சி' என்ற சொல் இல்லாமல் பத்தாயிரம் என்று அச்சடித்திருந்தால் அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். மிச்சமாகும் பணத்தைக் கருவியின் சொந்தப் புள்ளி எண்ணிக்கைக்குக் கொடுங்கள். '4கே சப்போர்ட்' என்பது அந்தப் படத்தை உள்வாங்கும் என்று மட்டும் பொருள். வெளியே விடுவது 1280க்கு 720 ஆக இருந்தால் ஒரு கட்டத்துக்கு 25 புள்ளிகூடத் தேறாது.

புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. ஒளி இல்லாத இடத்தில் மேசையின் நிறம்தான் தெரியும். தேக்கு மேசையில் நேரடியாக விழும் படத்தில் ஆறு பழுப்பாகவும் புல்வெளி அழுக்காகவும் தெரிவது இதனால்தான். பளபளப்பில்லாத வெள்ளை மைக்கா ஒட்டிய பலகை ஒன்றைச் செய்துகொண்டால் போதும். கும்மிருட்டு நிலவறைப் படங்களைத் தவிர்த்துவிட்டு, நிறம் வெளிறிய வரைபடங்களைத் தேர்ந்தெடுங்கள்.

ரகசியம் வெளியே போகாமல் இருக்க

லேப்டாப்பை இணைத்தவுடன் அதே படம் மேசையிலும் தெரிந்தால், கதையை நடத்துபவர் ஒளித்துவைத்த பொறிகளும் பதுங்கியிருக்கும் அரக்கனும் எல்லோர் கண்ணுக்கும் விருந்தாகிவிடும். வாரக்கணக்கில் கட்டிய மர்மம் ஒரு நொடியில் போய்விடும். விண்டோஸ் பொத்தானையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது பிரவுசர் ஒன்றில் ஆட்டக்காரர் கணக்கு வழியாக உள்ளே நுழைந்து, அந்தச் சன்னலை மட்டும் மேசைத் திரைக்குத் தள்ளி முழுத் திரையாக்குங்கள். இன்னும் காணாத இடங்களை மறைக்க மென்பொருள் போடும் மூடுபனி எங்கே விலகியிருக்கிறது என்று உங்கள் திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எழுந்து மேசையைப் பாருங்கள். செய்தி அறிவிப்புகளையும் தானாக உறங்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். வரைபடத்தில் எழுத்து வேண்டாம். எப்படி வைத்தாலும் பாதிப் பேருக்குத் தலைகீழாகத்தான் இருக்கும்.

சண்டை முடிந்ததும் திரையையும் ஓய்வெடுக்க விடுங்கள். வீரர்கள் சத்திரக்காரனோடு பேரம் பேசும்போது கீழே ஒரு வரைபடம் மினுங்கிக்கொண்டிருந்தால் பேசுபவரின் முகத்தை விட்டுவிட்டு எல்லோரும் அதையே குனிந்து பார்ப்பார்கள். மென்பொருளில் வெறும் கறுப்புக் காட்சி ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். புரொஜெக்டராக இருந்தால் கருவியையே அணைத்து அணைத்துப் போடாதீர்கள், விளக்கின் ஆயுள் குறையும். ரிமோட்டில் 'பிளாங்க்' என்றொரு பொத்தான் பெரும்பாலும் இருக்கும். அதை அழுத்தினால் மேசை மறுபடி வெறும் மேசையாகிவிடும், பேச்சு தொடரும்.