படுக்கைப்புண்ணை வீட்டிலிருந்தே நர்ஸுக்குக் காட்டுவது எப்படி

தண்டுவடத்தில் அடிபட்ட அண்ணனை தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள வீட்டில் வைத்துத்தான் கவனித்துக்கொள்கிறோம். நர்ஸ் வீடியோ காலில்தான் பார்க்கிறார். தொட்டுப் பார்க்க அவரால் முடியாது என்பதால் நாம் அனுப்பும் படமும் சொல்லும் வார்த்தையும் சரியாக இருக்கவேண்டும். புண் கழுவுவதையும் கட்டுப் போடுவதையும் உங்கள் நர்ஸே சொல்லிக்கொடுத்திருப்பார், அதை விட்டுவிடுகிறேன்.

1. படம் எடுக்குமுன் ஒவ்வொரு முறையும் புண் உள்ளவரிடம் கேளுங்கள். உணர்ச்சியில்லாத இடமானாலும் உடம்பு அவருடையது. வாட்ஸ்அப் படங்கள் தானாக கேலரியில் சேர்வதையும் நிறுத்திவையுங்கள்.

2. புண்ணைக் கழுவியபின் ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், ஈரத்தில் பளபளத்து நிறத்தையே மாற்றிவிடும். பக்கத்தில் தேதி எழுதிய காகித ஸ்கேல் இருக்கட்டும். நீளத்தைத் தலை-கால் வாக்கிலும் அகலத்தைக் குறுக்காகவும் அளக்கவேண்டும். படத்தை டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாது.

3. எங்களைத் திணறவைத்தது இன்னும் தோல் உடையாத இடங்கள்தான். 'சிவந்த தோலைக் கவனியுங்கள்' என்றுதான் எல்லாக் குறிப்பிலும் இருக்கிறது. நம் நிறத்துக்குச் சிவப்பு எங்கே தெரிகிறது? அண்ணனுக்கு உட்காரும் எலும்பின் மேல் படத்தில் ஒன்றுமே தெரியவில்லை. புறங்கையால் தொட்டால் ஒரு ரூபாய் வட்டத்துக்குச் சூடு, சுற்றியிருந்த தோலைவிடக் கெட்டி. அதனால் படத்தோடு நான்கு விஷயம் எழுதி அனுப்புகிறேன்: சூடா குளிர்ச்சியா, கெட்டியா கொழகொழப்பா, பக்கத்துத் தோலைவிடக் கறுத்தோ ஊதாவாகவோ இருக்கிறதா, அந்த இடத்தின் மேலுள்ள உடம்புப் பாரத்தை எடுத்தபின் எவ்வளவு நேரத்தில் சரியாகிறது. மறுபக்கத்து அதே எலும்பையும் தொட்டு ஒப்பிடுங்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தையும் வாங்காதீர்கள், ஓரத்தில் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

4. வீடியோ காலில் புண்ணை மட்டும் காட்டி முடிக்காதீர்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பக்கவாட்டிலிருந்து காட்டுங்கள். உட்காரும் இடத்தின் பாரத்தைக் குறைக்க அவர் முன்னால் குனியும்போது உட்காரும் எலும்பு உண்மையிலேயே மேலே எழும்புகிறதா என்று நர்ஸ் பார்க்கட்டும்.

காய்ச்சல், துர்நாற்றம், கறுத்த சதை, எலும்பு தெரிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த வீடியோ காலுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனை. தண்டுவடத்தில் டி6 (நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டம்) அல்லது அதற்கு மேல் அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டையிடி, வியர்வை வந்தால் நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, மூத்திரக்குழாய் மடங்கியிருக்கிறதா பார்த்துக்கொண்டே தென்னாப்பிரிக்க ஆம்புலன்ஸ் எண் 10177-ஐ அழையுங்கள். கைபேசியிலிருந்து 112.

பின்சேர்க்கை: லோட்ஷெடிங் (மின்வெட்டு) நேரத்தில் காற்று மெத்தையை என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பம்ப் நின்றால் பல மெத்தைகளில் காற்று மெல்ல இறங்கிவிடும். வால் எலும்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் உடனே நல்ல ஃபோம் மெத்தைக்கு மாற்றிவிடுங்கள். நர்ஸ் சொன்ன இடைவெளியில் புரட்டிப் படுக்கவைப்பதைக் கரண்ட் இருந்தாலும் நிறுத்தக் கூடாது.