மலேரியா ஒட்டுண்ணியில் மரபணு நீக்கம்: எங்கே சறுக்குகிறது?

பிளாஸ்மோடியம் பால்சிபாரத்தில் ஒரு மரபணுவை நீக்கப் பார்க்கிறோம். வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒட்டுண்ணி ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. ‘இந்த மரபணு இல்லாமல் அது பிழைக்காது’ என்று உடனே முடிவுகட்டுவதுதான் மிகப் பெரிய தவறு. மாற்றத்தைச் சுமந்து செல்லும் வட்ட டிஎன்ஏவான பிளாஸ்மிட் உள்ளே நுழையாமலே போயிருக்கலாம். டிஎன்ஏவை வெட்டும் கேஸ்9 நொதிக்கு இடம் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏ வேலை செய்யாமலும் இருந்திருக்கலாம். எனவே அதே வழிகாட்டியைக் கொண்டு, புரதத்தைக் கெடுக்காமல் ஒரு சிறு அடையாளத்தை மட்டும் சேர்க்கும் பிளாஸ்மிட்டையும் கூடவே செலுத்துங்கள். அடையாளம் சேர்ந்த ஒட்டுண்ணி ஒவ்வொரு முறையும் கிடைத்து, நீக்கம் மட்டும் கிடைக்கவில்லை என்றால், மரபணு அத்தியாவசியமானது என்ற சந்தேகத்துக்கு வலு உண்டு. ரத்த நிலையில் ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரே பிரதிதான்; அத்தியாவசியமானதை நீக்கினால் ஒட்டுண்ணியே மிஞ்சாது. எனவே அத்தகையதை ஆராய டைகிரீ (மருந்து கொடுத்ததும் டிஎன்ஏ துண்டை வெட்டி நீக்கும் நொதி) போன்ற, வேண்டும்போது நீக்கும் முறைக்கு மாறுங்கள். அதைத் தூண்டும் ராபமைசின் மருந்தே வளர்ச்சியைக் குறைக்கக்கூடும். மாற்றம் செய்யாத தாய் வளர்ப்புக்கும் அதே அளவு கொடுத்து ஒப்பிடுங்கள்.

வேறு உயிரிகளில் பழகிய கருவியை அப்படியே கொண்டுவருவதும் வீண்வேலை. மரபணுவின் செய்தி ஆர்என்ஏவைச் சிதைத்து அதை அடக்கும் ஆர்என்ஏ குறுக்கீடு, தூக்க நோய் ஒட்டுண்ணியான டிரிப்பனோசோமா புரூசியில் நன்றாக வேலை செய்யும்; பிளாஸ்மோடியத்தில் அதற்கான புரதங்களே இல்லை. வெட்டுண்ட டிஎன்ஏ முனைகளை நேரடியாக ஒட்டும் வழக்கமான பழுதுநீக்கமும் இதற்குக் கிடையாது. ஆகவே கேஸ்9 வெட்டினால் மட்டும் போதாது, வெட்டின் இருபுறமும் உள்ள குரோமோசோமை ஒத்த வரிசை கொண்ட, பழுதுநீக்க மாதிரியாகும் டிஎன்ஏ வார்ப்புருவும் வேண்டும். அந்த வார்ப்புருவில் வழிகாட்டியின் இலக்கை மாற்றாமல் விட்டால், திருத்திய இடத்தையே கேஸ்9 மறுபடி வெட்டும். மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 80 சதவீதம் ஏ, டி எழுத்துகள் (அடினின், தைமின்) என்பதால், பிளாஸ்மிட்டைப் பெருக்கப் பயன்படும் ஈ.கோலை பாக்டீரியாவில் அது சிதைவது வாடிக்கை. 30 டிகிரியில் வளர்த்து, வரிசையைச் சரிபார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனையின் பட்டையைப் பார்த்து ஏமாறுவோர் ஏராளம். பிளாஸ்மிட் குரோமோசோமில் சேராமலே நெடுநாள் தங்கும். பெருக்கத்தைத் தொடங்கும் குட்டி டிஎன்ஏக்களான பிரைமர் இரண்டும் பிளாஸ்மிட்டில் உள்ள வரிசையையே பிடித்தால் பட்டை வரத்தான் செய்யும், அதற்குப் பொருளில்லை. ஒன்று புதிதாகச் சேர்த்த துண்டிலும், மற்றது ஒத்த வரிசைக்கு வெளியே குரோமோசோமிலும் பிடிக்க வேண்டும். சேர்த்த துண்டின் இரு முனைகளுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். வளர்ப்பை நீர்த்துப் பிரித்து, ஒற்றை ஒட்டுண்ணியிலிருந்து வளர்த்த குளோனில் பழைய அமைப்பின் பட்டை அறவே மறைந்திருக்க வேண்டும்.

கடைசியாக, நீண்டகால வளர்ப்பில் ஒட்டுண்ணி தானாகவே மாறிவிடும். 9-ஆம் குரோமோசோமின் முனை உதிர்ந்தால் கொசுவுக்குப் பரவும் பாலின வடிவமான கேமிட்டோசைட் உருவாகாது. அந்தப் பழி நீக்கிய மரபணுவின் மேல் விழும். பிளாஸ்மிட்டை உள்ளே செலுத்தும் தனித்தனி டிரான்ஸ்ஃபெக்‌ஷனில் கிடைத்த இரண்டு குளோன்களையாவது சோதியுங்கள். மரபணுவைத் திருப்பிச் சேர்த்தால் குறை நீங்குகிறதா என்றும் பாருங்கள்.